ஐந்தெழுத்து, ஒரே வால்: வேக், வோக், ரோக், ஃபியூக், செக்வே, ஆர்கியூ

ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்தில் அமைந்து, ஜி, யூ, இ என்ற மூன்றில் முடிகிற சொற்களைத் தேடினால் பரவலாகப் புழங்குபவை ஆறு கிடைக்கும்: வேக் (vague), வோக் (vogue), ரோக் (rogue), ஃபியூக் (fugue), செக்வே (segue), ஆர்கியூ (argue). டோக், போக் போல அரிதானவை இன்னும் சில உண்டு. இந்த இரண்டும் மீன் பெயர்கள், விட்டுவிடலாம். சொல் விளையாட்டு ஆடுகிறவர்களுக்குப் பட்டியல் போதும். எனக்கு அதோடு நிறுத்த மனம் வரவில்லை. எழுத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இவை வாயில் வரும்போது ஏன் மூன்று விதமாகப் பிரிகின்றன?

நடுவில் நிற்கும் யூ என்ற எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஜி-க்குப் பின்னால் இ வந்தால் பெரும்பாலும் ‘ஜ’ ஒலி வந்துவிடும். பேஜ், கேஜ், ரேஜ் எல்லாம் அப்படித்தான். வேக் என்பதில் யூ-வை எடுத்துவிட்டால் அதுவும் ‘வேஜ்’ ஆகிவிடும். அப்படி ஆகாமல், ‘தங்கம்’ என்பதில் நாம் சொல்கிற க-வைக் காப்பாற்றப் பிரெஞ்சு எழுத்துமுறை யூ-வை அங்கே காவலுக்கு நிறுத்தியது. அதற்கென்று தனி ஒலி இல்லை. வேக், வோக், ரோக், ஃபியூக் நான்கிலும் இதே காவல்தான். மீதி இரண்டிலும் யூ வேரிலிருந்தே வருவது. அதனால்தான் அங்கே அதற்குக் குரலும் இருக்கிறது.

சரி, வேக். லத்தீனில் ‘வாகுஸ்’ என்றால் அலைந்து திரிகிற என்று பொருள். நாடோடியைக் குறிக்கும் வேகபாண்ட் இதன் உறவு. மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு, கழுத்து, இதயம், நுரையீரல் என்று சுற்றி வயிறு வரைக்கும் போகிற பத்தாவது கபால நரம்புக்கு வேகஸ் என்று பெயர் வைத்ததும் அது அலைவதால்தான். ஓரிடத்தில் நிற்காதது அலைகிறது. அதுபோல, ஒரு பொருளில் நிற்காத பேச்சு வேக்.

தமிழில் இதற்குத் ‘தெளிவற்ற’ என்று அகராதிகள் தருவது தவறில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லையே எல்லா இடத்திலும் ஒட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. பழைய நினைவு வேக் என்றால் அது மங்கலான நினைவு. கேட்டதற்கு ஒருவர் தரும் பதில் வேக் என்றால் அது பிடிகொடுக்காத பதில், வேண்டுமென்றே செய்தால் மழுப்பல். அறிக்கை வேக் என்றால் பொத்தாம்பொதுவான அறிக்கை. ஆள், நாள், இடம் எதுவும் இல்லாமல் செய்தி சொன்னால், “இப்படி மொட்டையாகச் சொன்னால் எப்படி?” என்று கேட்கிறோமே, அந்த ‘மொட்டை’யும் இதுதான். இத்தனை நிறம் நம் கையில் இருக்கும்போது ‘தெளிவற்ற’ என்று மட்டும் எழுதினால் மொழிபெயர்ப்பு வெளுத்துப்போகும்.

வோக் படகிலிருந்து வந்த சொல். இத்தாலிய மொழியில் ‘வோகா’ என்றால் துடுப்புப் போடுதல். பிரெஞ்சில் ‘வோகே’ என்றால் படகு செலுத்துதல். படகு ஓடும் போக்கு, பிறகு ஊர் ஓடும் போக்கு ஆனது. ஆமாம், தமிழிலும் அதே சொல்தான்: போக்கு. ‘போ’ என்ற வினையிலிருந்து வந்து, ‘இன்றைய போக்கு’ என்று நடப்பு விருப்பத்தைச் சுட்டுகிறது. இரு மொழியும் தனித்தனியே ஒரே வழியில் நடந்திருக்கின்றன. பேச்சில் இதைவிடச் சுருக்கென்று பொருந்துவது ‘மவுசு’. “இப்போது அதற்குத்தான் மவுசு” என்றால் வோக் முழுசாக வந்துவிட்டது. 1892-இல் தொடங்கிய ஃபேஷன் இதழுக்கும் இதே பெயர். அதற்காக இதை உடையோடு கட்டிப்போட வேண்டாம். ஒரு சிந்தனைக்கும் மவுசு வரும்.

ரோக் 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, பிச்சை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுபவனைக் குறித்தது. ‘கேள்’ என்று பொருள்படும் லத்தீன் ‘ரொகாரே’யோடு இதை இணைப்பவர்கள் உண்டு. அப்புறம் அது ஏமாற்றுக்காரன், போக்கிரி என்று விரிந்தது. ஆளைக் குறிக்கும்போது ‘போக்கிரி’ நன்றாகப் பொருந்தும், அதில் ஒரு செல்லமும் ஒட்டிக்கொள்ளும் என்பது உட்பட. கூட்டத்தை விட்டுப் பிரிந்து மூர்க்கமாகத் திரியும் யானைக்குத் தமிழில் ‘தனியன்’ என்ற சொல்லே இருக்கிறது.

சிக்கல் கடலில் வருகிறது. 1995 ஜனவரி 1 அன்று வடகடலில் டிராப்னர் எண்ணெய் மேடையின் கருவி சுமார் 26 மீட்டர் உயர அலை ஒன்றைப் பதிவு செய்தது. சுற்றியிருந்த பெரிய அலைகளின் சராசரி 12 மீட்டர் அளவில்தான் இருந்தது. இப்படிச் சுற்றியுள்ளவற்றைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எழுவதையே ஆங்கிலத்தில் ரோக் அலை என்கிறார்கள். ‘பேரலை’ என்றால் உயரம் மட்டும் வரும், ஒழுங்கை மீறியது என்ற பொருள் வராது. ‘தனி அலை’ இயற்பியலில் வேறொன்று. ‘அடங்கா அலை’ என்று எழுதலாம் என்பது என் கருத்து.

ஃபியூக் என்பதற்கு ஓட்டம் என்று பொருள். லத்தீனில் ‘ஃபுகா’ என்றால் தப்பி ஓடுதல். மேலை இசையில் ஒரு குரல் சிறு மெட்டு ஒன்றைத் தனியாகத் தொடங்கும். அது முடிகிற இடத்தில் இரண்டாவது குரல் அதே மெட்டை வேறு சுருதியில் எடுக்கும். முதல் குரல் நிற்காமல் முன்னால் ஓடும். மூன்றாவது வந்து சேரும். ஒன்று ஓட, மற்றொன்று துரத்துகிறது. யோஹான் செபாஸ்டியன் பாக் இந்த வடிவத்தின் பேராசான். ‘துரத்திசை’ என்றால் கேட்டவுடனே படம் தெரியும். மனநல மருத்துவத்திலும் இந்தச் சொல் உண்டு: தான் யார் என்பதையே மறந்து வீட்டை விட்டுப் போய்விடும் நிலை. 2013-இல் அமெரிக்க மனநல வகைப்பாடு இதைத் தனி நோயாக வைக்காமல், மறதி வகை ஒன்றின் கீழ் சேர்த்துவிட்டது. இங்கே ‘துரத்திசை’ உதவாது. ‘தன்மறந்து வெளியேறல்’ என்று விரித்துச் சொல்வதே நல்லது.

செக்வே இத்தாலியச் சொல், ‘தொடர்கிறது’ என்று பொருள். ‘தொடர்’ என்ற லத்தீன் வினையில் உள்ள யூ இன்னும் உயிரோடு இருப்பதால் கடைசியில் ‘வே’ ஒலிக்கிறது. இசைத்தாளில் ஒரு பகுதியின் முடிவில் இப்படி எழுதியிருந்தால், நிறுத்தாமல் அடுத்ததற்குப் போ என்று அர்த்தம். இப்போது பேச்சுக்கும் ஆகிறது: தூக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர் கேட்பவர் அறியாமலே கனவுக்கு வந்துவிட்டால் அது செக்வே. ‘இழைந்து மாறுதல்’ எனலாம். ஒரு பாட்டின் முடிவையே அடுத்ததன் தொடக்கமாக்கும் அந்தாதியை அறிந்தவர்களுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. 2001-இல் அறிமுகமான, நின்றபடி ஓட்டும் இருசக்கர மின்வண்டியான செக்வே இதே ஒலியை எழுத்து மாற்றி வைத்த பெயர்.

கடைசியாக ஆர்கியூ. லத்தீனில் ‘அர்குவெரே’ என்றால் தெளிவாக்கு, மெய்ப்பி. வெள்ளிக்கான ‘அர்ஜென்டும்’ இதன் உறவு, இரண்டுக்கும் அடியில் ‘பளிச்சிடு’ என்ற பழைய வேர். நம் வெள்ளியும் வெண்மையில் பிறந்ததுதான், வெளிச்சமும் அந்தக் குடும்பம். எனவே ஆர்கியூ முதலில் சண்டை அல்ல, ஒன்றை வெட்டவெளிச்சமாக்குவது. கட்டுரையில் ஓர் ஆய்வாளர் ஆர்கியூ செய்கிறார் என்று வந்தால் ‘வாதிடுகிறார்’ அல்லது ‘நிறுவ முயல்கிறார்’ என்று எழுதுங்கள். நீதிமன்றத்தில் என்றால் ‘வழக்காடுகிறார்’. பக்கத்து அறையில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால்தான் ‘வாக்குவாதம்’.