வயர் மாட்டியும் ‘வயர்லெஸ்’: கன்ட்ரோலருக்குப் பெயர் வைப்பது யார்?

நீலகிரியின் கூடலூரில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் வாசல் தாண்ட முடியாது. அக்காவோ அண்ணனோ பிளஸ் டூவில் வாங்கிய அரசு மடிக்கணினியில் விளையாட்டுக்கான யூஎஸ்பி கன்ட்ரோலரைச் செருகிக் கார் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான லினக்ஸ் வகையான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரைச் செருகினால் லினக்ஸ் ‘மைக்ரோசாஃப்ட் எக்ஸ்-பாக்ஸ் 360 பேட்’ என்கிறது. விண்டோஸில், கன்ட்ரோலரை விளையாட்டோடு பேசவைக்கும் பழைய வழியான டைரக்ட்இன்புட்டைக் கேட்டால் ‘கன்ட்ரோலர்’ என்று தொடங்கும் வேறொரு பெயர் வரும். அதே விண்டோஸின் புதிய வழியான எக்ஸ்இன்புட் பெயரே சொல்லாது. 0 முதல் 3 வரை ஓர் இட எண்ணைத் தருவதோடு சரி.

செருகிய உடனே கன்ட்ரோலர் தன்னைப் பற்றிய சிறு விவரக் குறிப்பைக் கணினிக்கு அனுப்புகிறது. அதில் முக்கியமானவை இரண்டு 16 பிட் எண்கள்: தயாரிப்பாளர் எண், பொருள் எண். மைக்ரோசாஃப்டுக்கு 1118, சோனிக்கு 1356. இந்தத் தயாரிப்பாளர் எண்களை யூஎஸ்பி தரத்தை நிர்வகிக்கும் அமைப்பு வழங்குகிறது. பொருள் எண்ணை நிறுவனமே முடிவு செய்துகொள்ளும். டி.என். 43 என்றதும் நீலகிரி வண்டி என்று தெரிந்துவிடுகிறதே, அதுபோல முதல் எண்ணிலேயே யாருடைய சரக்கு என்று புரிந்துவிடும். ஆனால் வண்டி எண் ஒரே ஒரு வண்டிக்கு உரியது. இந்த ஜோடியோ ஒரு மாடல் முழுவதற்கும் பொது.

பெயர் இந்தக் குறிப்பில் கட்டாயமில்லை. இருந்தாலும் பயன்படும் என்று சொல்ல முடியாது. சோனியின் பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரைக் கேபிளில் மாட்டினாலும் அது ‘வயர்லெஸ் கன்ட்ரோலர்’ என்றே சொல்லிக்கொள்ளும். அந்தப் பொருள் பெயரில் சோனி என்ற பேச்சே இல்லை. எக்ஸ்பாக்ஸ் விஷயத்தில் லினக்ஸின் எக்ஸ்பேட் டிரைவர் (கன்ட்ரோலரை இயக்கும் மென்பொருள்), கன்ட்ரோலர் சொல்வதை விட்டுவிட்டுத் தன்னிடமுள்ள பட்டியலில் எண்களைத் தேடி, அங்கிருக்கும் பெயரைச் சூட்டுகிறது. பெயர் மாறுவதன் ரகசியம் அதுதான்.

ஆகவே விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடவேண்டிய மென்பொருள் பெயரை நம்பிப் பிழைக்க முடியாது. 1998இல் சாம் லாண்டிங்கா தொடங்கிய எஸ்டிஎல் என்ற, விளையாட்டு எழுதுவோருக்கான மென்பொருள் நூலகம், இணைப்பு வகை, தயாரிப்பாளர் எண், பொருள் எண், பதிப்பு எண் இவற்றைக் கோத்து 16 பைட் அடையாளம் ஒன்றை உருவாக்குகிறது. எண்கள் கிடைக்காதபோதுதான் பெயரின் எழுத்துகளை அதில் நிரப்புகிறது. இந்த அடையாளத்தை வைத்து, எந்தப் பொத்தான் எது என்ற பட்டியலைப் புரட்டும். அந்தப் பட்டியலைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பயனர்கள்தான்; என் பார்வையில் பாதி வேலை அவர்களுடையது.

எண்ணும் பொய் சொல்லும். மலிவு விலைக் கன்ட்ரோலர்கள் பல, விண்டோஸ் தகராறு பண்ணாமல் ஏற்கட்டும் என்று மைக்ரோசாஃப்டின் 1118, அதன் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரின் பொருள் எண்ணான 654 ஆகியவற்றையே போட்டுக்கொண்டு வருகின்றன. திரையில் எக்ஸ்பாக்ஸ் என்று வரும், கையில் இருப்பது வேறு.

இரண்டு பிள்ளைகள் ஒரே மாடலை வாங்கினால் சிக்கல் இன்னும் கூடும். விலை குறைந்தவற்றில் தனி வரிசை எண் இருக்காது. பெயரும் ஒன்று, எண்களும் ஒன்று. எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதுதான் மிச்சமுள்ள வித்தியாசம். இடம் மாற்றிச் செருகினால் அதுவும் போயிற்று. அதனால்தான் பல விளையாட்டுகள், தொடங்கும் முன் ஆளுக்கொரு பொத்தானை அழுத்தச் சொல்லி, முதலில் அழுத்தியவரை முதல் ஆட்டக்காரராக எடுத்துக்கொள்கின்றன.