எலுமிச்சைக்குக் குடில் போடுகிறீர்களா? முதலில் காற்றுத் திறப்புக்குக் காசு ஒதுக்குங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கொய்மலர் வளர்ப்பவர்களுக்குப் பாலிஹவுஸ், அதாவது பாலிதீன் ஷீட் போர்த்திய குடில், போட்டுக்கொடுப்பது என் வேலை. கார்னேஷன், லில்லி என்று போய்க்கொண்டிருந்த தொழிலில் கொஞ்ச நாளாக ஒரு புது விசாரிப்பு: "வீட்டுக்குப் பின்னால எலுமிச்சைக்கு ஒரு சின்ன குடில் வேணும், செலவு கம்மியா." மலையின் கீழ்ப்பக்கம் இருக்கும் கல்லாறு, பர்லியார்க்காரர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். அந்த உயரத்தில் ஆரஞ்சும் நாரத்தையும் வெட்டவெளியிலேயே காய்க்கும். கேட்பவர்கள் எல்லாம் மேட்டில் இருப்பவர்கள்.

"உறைபனியைத் தாங்குமா?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். உள்ளே சூடாகும் காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கும் முதலில் அது தோன்றவில்லை. எலுமிச்சைக்கென்று நான் போட்ட முதல் குடில் எட்டடி உயரம்தான். நாலு பக்கமும் ஷீட்டை இறுக்கிக் கட்டி, ஒரே ஒரு கதவு வைத்தேன். பிப்ரவரியில் ஒரு நாள் பதினோரு மணிக்கு வீட்டுக்காரர் போன் செய்தார்: "தம்பி, கொஞ்சம் வந்து பாருங்க." வெளியே ஸ்வெட்டரோடு நிற்கிறேன், உள்ளே தெர்மாமீட்டர் 44 டிகிரி காட்டுகிறது. இலைகள் தோணி மாதிரி உள்பக்கம் மடங்கியிருந்தன. மிளகு அளவுப் பிஞ்சுகள் தரையெல்லாம் கொட்டி, நடந்தால் காலடியில் நசுங்கின. டிசம்பர், ஜனவரி பனியில் ஒரு கிளைகூடக் கருகாத மரம் அது.

எலுமிச்சை வகைகள் சுமார் 13 டிகிரிக்குக் கீழே வளராமல் சும்மா நிற்கும், உறைபனி விழுந்தால்தான் கருகும். 35-ஐத் தாண்டி ஏறினால் பூவும் பிஞ்சும் உதிரத் தொடங்கும். மலை வெயில் சுள்ளென்று இறங்குவதால் மூடிய குடிலுக்குள் அந்த ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

சரி, எவ்வளவு திறப்பு வேண்டும்? தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது என்பது என் கணக்கு. 20-க்கு 30 அடிக் குடில் என்றால் 600 சதுர அடி, திறப்பு 120. முகட்டில் 30 அடி நீளத்துக்கு இரண்டடி அகலம் விட்டால் 60 ஆகிவிட்டது. மீதிக்கு இரண்டு பக்கமும் மூன்றடி உயரத்துக்குச் சுருட்டி ஏற்றும் திரை வைத்தால் 180 கிடைக்கும். கூடுதலாக இருக்கிறதே என்று குறைத்துவிடாதீர்கள். பூச்சி வராமல் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலை அடிக்கும்போது காற்று கணிசமாகக் குறைந்துவிடும். முகடு 12 அடிக்குக் கீழே வேண்டாம். மரமும் வளரும், சூடும் தலைக்கு மேலே போய் நிற்க இடம் வேண்டும்.

முகட்டுத் திறப்பின் வாய் மழைக்காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். நீலகிரியின் மேற்கே அவலாஞ்சி, எமரால்டு பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றுதான் ராஜா (2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது). அங்கே வாய் கிழக்கே இருக்கட்டும். கிழக்கே கோத்தகிரியில் வடகிழக்கு மழைதான் வலு, அதனால் மேற்கே. ஒரே மாவட்டம்தான், ஆனால் வேறொருவர் குடிலின் படத்தைப் பார்த்து அப்படியே காப்பியடித்தால் ஒரு புயலில் ஷீட் பறந்துவிடும்.

செலவைக் குறைக்க வேண்டியது குடிலைத் தாங்கும் சட்டத்தில். தொழிலை விட்டவர்களின் கொய்மலர்க் குடில்களிலிருந்து பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடியில் தார் பூசிய கற்பூர மர (யூகலிப்டஸ்) கம்பு போதும். ஷீட் மட்டும் புதிதாக, 200 மைக்ரான், வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகாதபடி யூவி பாதுகாப்பு போட்டதாக இருக்கட்டும். வெயிலில் காய்ந்த பைப்பைத் தொடும் இடத்தில்தான் ஷீட் முதலில் கிழியும், அங்கே வெள்ளை பெயின்ட் அடித்துவிடுங்கள்.

அப்புறம் பனி. தெளிந்த வானம், அசையாத காற்று இருக்கும் ஜனவரி இரவில் ஒற்றை ஷீட் குடிலுக்குள் வெளியைவிட ஒரு டிகிரி குறைவாகக்கூட இருக்கும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. தரையின் வெப்பம் பாலிதீன் வழியாகவே வானத்துக்குப் போய்விடுகிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியால் மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு, அதுதான் விஷயம். குடிலுக்குள் மரத்துக்கு மேலே பழைய நிழல்வலையை இரட்டையாகக் கம்பியில் ஓட விடுங்கள், மாலையில் இழுத்து காலையில் ஒதுக்கலாம். கறுப்பு பெயின்ட் அடித்த 200 லிட்டர் டிரம்களில் தண்ணீர் நிரப்பி வெயில் படும் பக்கம் வையுங்கள். ஒரு டிரம் ராத்திரிக்குள் ஐந்து டிகிரி ஆறினால் ஒரு யூனிட் கரண்டுக்குச் சற்று மேலான சூட்டை விட்டுக்கொடுக்கும், பில் இல்லாமல்.

கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் புகையில் மரம் இலை கொட்டும். விடிகாலையில் கதவைத் திறந்து உள்ளே நுழைகிற உங்களுக்கு அதைவிட ஆபத்து. மூடிய அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன கதை மலையில் எல்லோருக்கும் தெரியும்.

மேகம் இறங்கி நிற்கும் மாதங்களில் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். ஷீட்டின் உட்புறம் வியர்த்துச் சொட்டினால், முகட்டைக் கையகலமாவது திறந்து வையுங்கள். இலை ஈரமாகவே கிடந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்தான்.

அந்த முதல் குடிலின் முகட்டை என் செலவிலேயே வெட்டித் திறந்து, பக்கங்களுக்குத் திரை போட்டேன். திரைக்குப் பின்னால் வெல்ட்மெஷ் (இரும்புக் கம்பி வலை) அடிக்க மறந்துவிட்டேன். இப்போது வீட்டுக்காரர் போன் செய்தால், அது குரங்கு விஷயமாகத்தான் இருக்கும்.