கேரட்டும் மாம்பழமும்: ஒரே நிறமி, வேறு வேறு கணக்கு

பழுத்த மாம்பழச் சதையின் மஞ்சளிலும் கேரட்டின் ஆரஞ்சு நிறத்திலும் முக்கியப் பங்கு பீட்டா கரோட்டின் என்ற ஒரே நிறமிக்குத்தான். சிறுகுடல் இதை வெட்டி வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. ஆனால் அளவில் இரண்டும் ஒன்றுக்கொன்று வெகு தூரம். 100 கிராம் பச்சைக் கேரட்டில் சுமார் 8,285 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. அதே எடை மாம்பழச் சதையில் சுமார் 640 மைக்ரோகிராம். ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கேரட்டுக்கு வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். கேரட்டுக்கு வெற்றி என்பது சரிதான், எத்தனை மடங்கு என்பதுதான் தவறு. தட்டில் இருப்பது வேறு, குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது வேறு. அந்த வேறுபாடு இந்த இரண்டு உணவுகளிலும் ஒரே அளவில் இல்லை.

முதலில் எடையைப் பற்றி ஒரு வார்த்தை. சத்து அட்டவணைகளில் வரும் 100 கிராம் என்பது உண்ணும் பகுதியின் எடை. தோலும் கொட்டையும் சேர்ந்து மாம்பழத்தின் எடையில் கால் பங்குக்கு மேல் போய்விடும். சிறிய பழம், பெரிய கொட்டை என்றால் இன்னும் அதிகம். முழுப் பழத்தைத் தராசில் வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாச் சத்தும் கூடுதலாகத்தான் வரும். கேரட்டில் கழிவு மிகக் குறைவு. தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டும் நெருக்கமானவை: கேரட்டில் சுமார் 88 சதவீதம், மாம்பழத்தில் சுமார் 83. அதனால் இந்த ஜோடியை எடைக்கு எடை ஒப்பிடுவதில் தவறில்லை. உலர்த்திய பழத்தையும் பச்சைக் காயையும் அப்படி ஒப்பிட்டால் விடை அர்த்தமற்றதாகிவிடும்.

அடுத்த சிக்கல் அலகில் இருக்கிறது. கரோட்டினை நேரடியாக வைட்டமின் ஏ என்று எண்ண முடியாது. உணவிலிருந்து வரும் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின், 1 மைக்ரோகிராம் ரெட்டினாலுக்கு (உடல் நேரடியாகப் பயன்படுத்தும் வைட்டமின் ஏ வடிவம்) ஈடு என்பது 2001 முதல் அமெரிக்காவில் பின்பற்றப்படும் கணக்கு. ஆல்பா கரோட்டினுக்கு 24 மைக்ரோகிராம் வேண்டும். காரணம் எளிது: பீட்டா கரோட்டின் மூலக்கூறை நடுவில் வெட்டினால் வைட்டமின் ஏ ஆகக்கூடிய இரண்டு துண்டுகள் கிடைக்கும், ஆல்பா கரோட்டினில் ஒரு பாதி மட்டுமே அதற்குப் பயன்படும். கேரட்டில் ஆல்பா கரோட்டினும் கணிசமாக, 100 கிராமுக்கு சுமார் 3,477 மைக்ரோகிராம் உண்டு. 8,285-ஐ 12-ஆலும் 3,477-ஐ 24-ஆலும் வகுத்துக் கூட்டினால் 835 மைக்ரோகிராம் ரெட்டினால் ஈடு வரும். மாம்பழத்துக்கு இதே வழியில் கிடைப்பது சுமார் 54. வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 900, பெண்ணுக்கு 700 என்பது அமெரிக்கப் பரிந்துரை.

பழைய அட்டவணைகளில் சர்வதேச அலகு என்ற கணக்கில் கேரட்டுக்கு 16,706 என்றும் மாம்பழத்துக்கு 1,082 என்றும் பார்க்கலாம். இவற்றை 0.05-ஆல் பெருக்கினால் மேலே சொன்ன 835-உம் 54-உம் அப்படியே வந்துவிடும். ரெட்டினால் மாத்திரைக்குரிய 0.3-ஐப் போட்டுப் பெருக்குவதுதான் அடிக்கடி நேரும் பிழை. அப்படிச் செய்தால் காய்கனிகளின் வைட்டமின் ஏ ஆறு மடங்கு ஊதிப்போகும்.

இனிதான் முக்கியமான இடம். அந்த 12 என்பது ஒரு சராசரி. எல்லா உணவும் ஒரே மாதிரி கரோட்டினை விட்டுக்கொடுக்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. உண்மையில் கரோட்டின் செல்லுக்குள் எந்த வடிவில் அடைபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கிறது. கேரட்டில் அது நிறக்கணிகங்களுக்குள் (செல்லில் நிறமியைத் தாங்கும் நுண்ணுறுப்புகள்) நுண்ணிய படிகங்களாக உறைந்து கிடக்கிறது. அதைச் சுற்றி, மென்றாலும் எளிதில் உடையாத செல்சுவர். மாம்பழத்தில் அதே நிறமியின் பெரும்பகுதி மிகச் சிறிய கொழுப்புத் துளிகளில் கரைந்த நிலையில் இருக்கிறது. பழுக்கும்போதே செல்சுவரும் இளகிவிடுகிறது.

குடல் கரோட்டினை உறிஞ்ச வேண்டுமானால் அது முதலில் செல்லை விட்டு வெளியேற வேண்டும், பிறகு கொழுப்பில் கரைய வேண்டும், பிறகு பித்தநீரின் உதவியால் உருவாகும் மிக நுண்ணிய துளிகளில் ஏறி குடல்சுவரை அடைய வேண்டும். மாம்பழக் கரோட்டினுக்கு முதல் இரண்டு படிகளில் பாதி வேலை பழத்திலேயே முடிந்துவிட்டது. கேரட் படிகங்களோ பல நேரம் கரையாமலேயே பெருங்குடலுக்குப் போய் வெளியேறிவிடுகின்றன.

இதை மனிதர்களிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். இந்தோனேசியாவில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு குழுவில் ஆரஞ்சு நிறப் பழங்களும் இன்னொரு குழுவில் கீரையும் கேரட்டும் கொடுத்து, ரத்தத்தில் ரெட்டினால் எவ்வளவு உயர்கிறது என்று பார்த்த ஆய்வு 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 1 மைக்ரோகிராம் ரெட்டினாலுக்குப் பழக் கரோட்டினில் சுமார் 12 மைக்ரோகிராம் போதுமாக இருந்தது. கீரை, கேரட் குழுவில் சுமார் 26 தேவைப்பட்டது. கீரையும் கேரட்டும் சேர்ந்த சராசரி என்பதால் இந்த 26-ஐக் கேரட்டின் துல்லியமான எண்ணாகக் கொள்ளக்கூடாது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. இந்த விகிதத்தைப் போட்டால் கேரட்டின் 835 ஏறக்குறைய 385 ஆகச் சுருங்கும். மாம்பழம் 54-இலேயே நிற்கும். 835-க்கும் 54-க்கும் இடையே இருந்த பதினைந்து மடங்கு வேறுபாடு ஏழு மடங்காகிவிட்டது. கேரட் இன்னும் முன்னால்தான். ஆனால் இது வேறு ஒப்பீடு.

கேரட்டின் இந்தக் குறையைச் சமையலறையில் பெருமளவு சரிசெய்யலாம். கடித்துத் தின்னும் பச்சைக் கேரட்டைவிடத் துருவியது மேல், துருவியதைவிட வேகவைத்து மசித்தது மேல். வெப்பம் செல்சுவரைத் தளர்த்துகிறது. மசிப்பது மீதியை உடைக்கிறது. கரோட்டின் நீரில் கரையாது, அதனால் வேகவைத்த தண்ணீரோடு அது போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வேகவைத்த கேரட்டில் 100 கிராமுக்குச் சுமார் 852 மைக்ரோகிராம் ரெட்டினால் ஈடு இருக்கிறது, பச்சையில் இருப்பதற்குக் குறைவில்லை. கெடுப்பது ஆக்சிஜனும் ஒளியும்: துருவிய கேரட்டை வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளுக்கும், வெளுத்த அளவுக்கு வைட்டமினும் போயிருக்கும். கொழுப்பு கொஞ்சம் வேண்டும். ஒரு வேளை உணவில் மொத்தம் 3 முதல் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி எண்ணெய் அளவு, பொதுவாகப் போதும். எண்ணெயே இல்லாமல் காலையில் குடிக்கும் கேரட் சாற்றில் செல்கள் உடைந்திருந்தாலும், கரோட்டின் கரைய இடமில்லாமல் பெரும்பகுதி வீணாகிறது.

நிறையச் சாப்பிட்டால் வைட்டமின் ஏ மிகையாகி நஞ்சாகுமோ என்ற அச்சம் இந்த இரண்டு உணவுகளுக்கும் பொருந்தாது. உடலில் இருப்பு நிறைந்திருக்கும்போது கரோட்டினை வெட்டும் நொதியின் உற்பத்தியைக் குடல் குறைத்துக்கொள்கிறது. மிஞ்சிய கரோட்டின் தோலில் படிந்து உள்ளங்கையை மஞ்சளாக்கும். கேரட்டைக் குறைத்தால் சில வாரங்களில் மறையும். கண்ணின் வெண்பகுதியும் மஞ்சளானால் அது கரோட்டின் அல்ல, மஞ்சள்காமாலையாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வைட்டமின் சி-யில் நிலைமை தலைகீழ். மாம்பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 36 மில்லிகிராம், கேரட்டில் 6 மட்டுமே. வேகவைத்தால் கேரட்டில் அதுவும் 4-க்குக் கீழே இறங்கும், ஏனெனில் இந்த வைட்டமின் நீரில் கரையும், வெப்பத்தில் சிதையும். மாம்பழத்தைப் பெரும்பாலும் சமைக்காமல் உண்பதால் இருப்பது அப்படியே கிடைக்கிறது. 165 கிராம் துண்டுகளில் 60 மில்லிகிராம், ஆணுக்கான 90 மில்லிகிராம் அன்றாடத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. பயறு, கீரை போன்றவற்றின் இரும்பை உடல் ஏற்கும் வடிவுக்கு வைட்டமின் சி மாற்றித் தருகிறது. அந்தப் பயன் வேண்டுமானால் பழத்தை அந்த உணவோடு சேர்த்தே உண்ண வேண்டும், மூன்று மணி நேரம் கழித்தல்ல. காய் பழுக்கப் பழுக்க வைட்டமின் சி குறைந்து கரோட்டின் கூடும் என்பதால், மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்தக்கூடாது. ரகத்துக்கு ரகம் கரோட்டின் பல மடங்கு மாறும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். வெளிர் மஞ்சள் சதையில் குறைவு, ஆழ்ந்த ஆரஞ்சில் அதிகம்.

சர்க்கரைக்கு வருவோம். மாம்பழத்தில் 100 கிராமுக்கு சுமார் 13.7 கிராம், கேரட்டில் 4.7. நார்ச்சத்து முறையே 1.6, 2.8 கிராம். கேரட் ரத்தச் சர்க்கரையைச் சரேலென ஏற்றும் என்ற நம்பிக்கை 1981-இல் வந்த முதல் கிளைசெமிக் குறியீட்டு (ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதன் அளவு) அட்டவணையில் கேரட்டுக்குத் தரப்பட்ட 92 என்ற எண்ணிலிருந்து பரவியது. பின்னர் செய்த அளவீடுகளில் அது பெரிதும் கீழே வந்தது. வேறொரு கோணத்திலும் அந்த அச்சம் பொருந்தாது: அந்தக் குறியீட்டை வழக்கமாக அளப்பது 50 கிராம் செரிக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ள உணவைக் கொண்டு. கேரட்டிலிருந்து அந்த அளவைப் பெற ஏறக்குறைய 735 கிராம் தின்ன வேண்டும். யாரும் ஒரே வேளையில் அவ்வளவு தின்பதில்லை. மாம்பழத்தில் அதே 50 கிராம் சுமார் 375 கிராம் சதையிலேயே வந்துவிடும், அதாவது பெரிய பழம் ஒன்று. ரத்தச் சர்க்கரையைக் கவனிக்க வேண்டியவர்கள் மாம்பழத்தை அறவே விலக்க வேண்டும் என்பதில்லை; 100 கிராம் துண்டுகளாக அளந்து, சாறாக்காமல், உணவுக்குள் அந்த அளவு மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு உண்ணலாம். சாறு பிழிந்து வடிகட்டினால் நார் போய்விடுகிறது, குடிக்கும் அளவும் கை மீறிப்போகிறது.