பதினாறாம் நாள் கையெழுத்து

போன வாரம் என் வக்கீல் ஆபீசுக்கு ஒரு பையன் சம்மனோடு வந்தான். வயது இருபத்து மூன்று, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் வாங்கிய மூன்று லட்சம் கடன், வட்டியோடு 4,80,000 ரூபாய் என்று இவன் பேரில் வழக்கு.

"அப்பா என்ன தம்பி விட்டுட்டுப் போனாரு?"

"ஒரு எக்ஸ்எல் வண்டி சார். ஒன்பதாயிரத்துக்குக் கொடுத்துட்டோம்."

பிராதோடு இருந்த புரோநோட் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு) நகலைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. தேதி, அப்பா இறந்த பதினாறாம் நாள். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் இவன் கையெழுத்து. "என் குடும்பச் செலவுக்காக ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று வாசகம். காரியம் முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் கடன்காரர் வந்திருக்கிறார். "நாலு பேர் பாக்குறாங்க, போட்டுக் குடுடா" என்று தாய்மாமன் சொல்ல, மொட்டைத் தலையோடு உட்கார்ந்து போட்டுக் கொடுத்திருக்கிறான். இந்த வருடத்தில் எனக்கு இது ஐந்தாவது வழக்கு.

அப்பன் கடன் பிள்ளை தலையில் என்று ஊரே நம்புகிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள், அதுதான் தாங்கவில்லை. இறந்தவரின் கடனுக்கு அவர் விட்டுச் சென்ற சொத்துதான் பொறுப்பு. அந்தச் சொத்து உங்கள் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த மதிப்பு வரைதான் உங்களிடம் கேட்க முடியும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 50, 52 இரண்டும் இதைத்தான் சொல்கின்றன, அது 1908-ல் வந்த சட்டம். ஒன்பதாயிரம் வந்தால் ஒன்பதாயிரம். ஒன்றும் வராவிட்டால் ஒன்றும் இல்லை. உங்கள் சம்பளம், நீங்கள் உழைத்து வாங்கிய இடம், மனைவியின் நகை எதையும் தொட முடியாது. தந்தை கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்று பழைய இந்து சட்டத்தில் ஒரு கோட்பாடு இருந்தது உண்மை. 9.9.2005-க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு அதைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் கடனும் சேர்ந்து வரும் என்று பயந்து தாசில்தார் ஆபீஸ் பக்கமே போகாத குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சான்றிதழ் வாரிசு யார் என்று மட்டும்தான் சொல்லும். தைரியமாக வாங்குங்கள்.

ஆனால் நீங்களே புது நோட்டில் கையெழுத்துப் போட்டால் கதை வேறு. புரோநோட், செக் இவற்றுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 29-ன்படி, வாரிசு தன் பேரில் கையெழுத்துப் போட்டால் அவரே சொந்தப் பொறுப்பு. எனக்கு வந்த சொத்து அளவுக்கு மட்டும் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் தப்பலாம். எழுதுகிறவர் யார்? கையெழுத்து என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகு, பணம் வாங்கவில்லை என்று நிரூபிக்கும் பாரமும் நம் மேல்தான் விழுகிறது. பல சமயம் அப்பாவின் பழைய நோட்டு மூன்று வருடம் தாண்டி காலாவதியாகி இருக்கும், அல்லது ஆகப்போகும். அவ்வளவு அவசரமாகப் புது நோட்டு கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

செத்தால் கடனும் போச்சு என்று நினைப்பதும் தப்பு. வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் வீடு பதில் சொல்லும். நகை அடகில் இருந்தால் நகை. நீங்கள் கோ-அப்ளிகன்டாகவோ (சேர்ந்து கடன் வாங்கியவர்) ஜாமீனாகவோ ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் முழுக் கடனும் உங்களுடையது, வாரிசா இல்லையா என்ற பேச்சே இல்லை. வந்த சொத்தை விற்றுச் செலவழித்துவிட்டுக் கையை விரித்தாலும், அந்த மதிப்புக்கு உங்கள் சொந்தச் சொத்தில் வசூலிக்கலாம்.

வங்கிக் கடன் என்றால் முதலில் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பாஸ்புக்கில் வருடா வருடம் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஜீவன் ஜோதி பீமா என்ற மத்திய அரசு ஆயுள் காப்பீட்டின் பிரீமியம், நாமினிக்கு இரண்டு லட்சம் வரும். அப்பாவின் பிஎஃப் பணத்தில் கடன்காரர் கைவைக்க முடியாது. ஏடிஎம் கார்டை எடுத்துக்கொண்டு போய் அவர் கணக்கில் பணம் எடுக்காதீர்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி போட்ட விதி.

கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. மனசு கேட்கவில்லை, அப்பா பேர் கெடக்கூடாது என்றால் தாராளமாகக் கொடுங்கள். கையில் இருப்பதை வங்கி வழியாகக் கொடுத்து, மொத்தமாக முடிந்ததும் அசல் நோட்டைத் திருப்பி வாங்குங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், காரியம் நடக்கும் வீட்டில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சொந்தக்காரர்களும் தயவுசெய்து போடச் சொல்லாதீர்கள். "ஒரு மாசம் கழிச்சு வாங்க, கணக்குப் பாக்கலாம்" என்றால் போதும்.

அந்தப் பையன் கிளம்பும்போது, "அம்மா ஏதாவது போட்டுக் கொடுத்தாங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ரெண்டு செக் சார், தொகை எழுதாம" என்றான். அன்று சாயங்காலமே அம்மாவை வரச் சொல்லி, செக் நம்பரைக் குறிப்பிட்டு, இரண்டையும் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் அனுப்பினோம்.