சாம்பிளிங்: ‘மாதிரி’ என்று எழுதுவதை எப்போது நிறுத்துவோம்?

“அறுவை சிகிச்சைக் கூடங்களில் எடுத்த மாதிரிகளைக் கொண்டு இந்த இரட்டையர் ஒரு இசைத்தொகுப்பை உருவாக்கினர்.”

ஒரு மொழிபெயர்ப்பில் இருந்த வாக்கியம் இது. விஷயம் தெரியாத ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? யாரோ இரண்டு பேர், ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம், சதை, கட்டி என்று எதையோ சீசாவில் பிடித்து வந்து அதை வைத்து இசை அமைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அவர் மேல் தப்பில்லை, வாக்கியம் அப்படித்தான் சொல்கிறது. ஏதோ ஒரு ஒலியைப் பதிந்தோ பழைய பதிவிலிருந்து வெட்டியோ எடுத்து இசையில் பயன்படுத்துவதைத்தான் ஆங்கிலத்தில் ‘சாம்பிளிங்’ என்கிறார்கள். அந்தச் சொல் வருகிற இடத்திலெல்லாம் ‘மாதிரி’யைப் போட்டுவிட்டுப் போவதை எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். இந்த வாக்கியத்துக்குப் பிறகு பொறுமை போய்விட்டது.

முதலில் ஆட்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ட்ரூ டேனியல், மார்ட்டின் ஷ்மிட் என்ற இரண்டு அமெரிக்கர்கள். குழுவின் பெயர் மேட்மோஸ். 1968இல் வந்த ‘பார்பரெல்லா’ படத்தில் ஒரு நகரத்துக்கு அடியில் கொதித்துக்கொண்டிருக்கும் உயிருள்ள குழம்பு ஒன்று உண்டு, அதன் பெயர்தான் இது. சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி 1997இல் முதல் ஆல்பம் வெளியிட்டார்கள், 2007இல் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்தார்கள். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் ‘வெஸ்பர்டைன்’ ஆல்பத்திலும் அதற்கான கச்சேரிப் பயணத்திலும் வேலை செய்ததால் வெளியுலகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியவந்தவர்கள். டேனியல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியரும்கூட. அப்புறம் ஒன்று, இவர்கள் இரட்டையர் இல்லை, வாழ்க்கைத் துணைவர்கள். நம் ஊரில் இசையமைப்பாளர் ஜோடிகளை ‘இரட்டையர்’ என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது, இரட்டைப் புலவர்கள் காலத்திலிருந்தே இருக்கிறது, தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் யாரென்றே வாசகருக்குத் தெரியாத இரண்டு பேரை அறிமுகப்படுத்தும்போது ‘இரட்டையர்’ என்று எழுதி, அடுத்த பத்தியில் அவர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள் என்றும் எழுதினால் வாசகர் கதி என்ன? ‘இருவர்’ என்று எழுதினால் போதுமே.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கில ‘சாம்பிள்’ பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘எக்ஸெம்ப்ளம்’ என்பதிலிருந்து வந்தது. அதன் அடியில் இருப்பது ‘வெளியே எடுத்தல்’ என்ற பொருளுள்ள வினை. ‘எக்ஸாம்பிள்’ இதன் உடன்பிறப்பு. அதற்கு நாம் ‘எடுத்துக்காட்டு’ என்கிறோம், அங்கேயும் ‘எடுத்து’ இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இசைக்குள் இந்தச் சொல் நுழைந்தது மிகவும் பிந்தி. 1979இல் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் ஃபேர்லைட் என்ற கணினிக் கருவியைக் கொண்டுவந்தார்கள். வெளி உலகத்து ஒலி ஒன்றை அதில் பதிந்து, கீபோர்டு கட்டைகளில் வெவ்வேறு சுருதியில் வாசிக்கலாம். அப்படிப் பதிந்த ஒலிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சாம்பிள்’. பொறியியலிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர். ஆனால் அந்த வேலை அதற்கு வெகுமுன்பே நடந்தது. பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் 1948இலேயே ரயில் ஓசைகளைப் பதிந்து, வெட்டி, திருப்பித் திருப்பி ஒலிக்கவைத்து ஒரு இசைத்துண்டு செய்திருக்கிறார். அப்போது அதை யாரும் சாம்பிள் என்று சொல்லவில்லை.

குழப்பம் தொடங்குவது அந்தப் பொறியியலில்தான். ஒலியை டிஜிட்டலாக்கும்போது அலையின் உயரத்தை நொடிக்கு இத்தனை தடவை என்று அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறார்கள். சிடியில் நொடிக்கு 44,100 தடவை. ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். இந்த இடத்தில் ‘மாதிரி’ என்று சொல்லுங்கள், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, தொடர்ந்து ஓடுகிற ஒன்றிலிருந்து அங்கங்கே தொட்டுப் பார்த்த அளவு அது. ஆனால் இசைக்காரர் சொல்லும் சாம்பிள் ஒரு முழு ஒலி. ஒரு கதவு சாத்துகிற சத்தம், ஒரு பழைய இசைத்தட்டில் வரும் டிரம் அடி. அது ஒரு நொடி நீளம் என்றால் அதற்குள் முதல் வகைச் சாம்பிள்கள் 44,100 இருக்கும். இரண்டுக்கும் ‘மாதிரி’ என்று வைத்தால் ‘ஒரு மாதிரிக்குள் 44,100 மாதிரிகள்’ என்று எழுத வேண்டிவரும். படிக்கிறவருக்குத் தலை ஒரு மாதிரி ஆகிவிடும்.

இதையே கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம், ஏனென்றால் ‘மாதிரி’க்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் அது நிலைத்துவிட்ட சொல் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வதில்லை. தமிழில் ‘மாதிரி’க்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. ‘அவன் மாதிரி’ என்றால் ஒப்பு. ‘மாதிரி வினாத்தாள்’, ‘மாதிரிப் பள்ளி’ என்றால் பார்த்துச் செய்யவேண்டிய முன்மாதிரி. ‘ரத்த மாதிரி’ என்றால் முழுவதற்கும் பதிலாகச் சோதனைக்குப் போகிற கொஞ்சம். ‘ஒரு மாதிரியான ஆள்’ என்றால் சொல்லவே வேண்டாம். இத்தனை பொருளிலும் பொதுவாக ஒன்று ஓடுகிறது. மாதிரி எப்போதும் தன்னை விட்டு வேறொன்றைக் காட்டும். ரத்த மாதிரியை யாரும் அந்தத் துளிக்காகப் பார்ப்பதில்லை, உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். சாம்பிளிங்கில் நடப்பது இதற்கு நேர் எதிர். எடுத்த ஒலி எதற்கும் பிரதிநிதி இல்லை, எடுத்தவருக்கு அந்த ஒலியே வேண்டும்.

மேட்மோஸின் 2001 ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நான் முதலில் சொன்ன வாக்கியம் பேசுவது அதைப் பற்றித்தான். ‘எ சான்ஸ் டு கட் இஸ் எ சான்ஸ் டு க்யூர்’ என்பது பெயர். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையின் ஓசை, லேசர் கண் சிகிச்சையின் ஓசை, மூக்கறுவையின் ஓசை எல்லாம் அதில் தாளமாகவும் நடன இசையாகவும் வருகின்றன. கொழுப்பு உறிஞ்சும் குழாயின் ‘ஸ்ஸ்ளர்ப்’ என்ற ஈரச் சத்தம் நறுக்கி அடுக்கப்பட்டு, காலைத் தட்டவைக்கிற தாளமாக மாறும், அது என்ன என்று தெரிந்த நிமிடம் வயிற்றைப் புரட்டும், ஆனாலும் கால் நிற்காது. செத்துப்போன தங்கள் செல்ல எலியின் கூண்டுக் கம்பிகளை மீட்டியும் வில் போட்டு இழைத்தும் ஒரு இசைத்துண்டு செய்திருக்கிறார்கள். அந்தக் கூண்டு எதற்கு ‘மாதிரி’?

2016இல் வந்த ‘அல்டிமேட் கேர் 2’ இன்னும் மோசமான சோதனை. வீட்டிலிருந்த வேர்ல்பூல் சலவை இயந்திரத்தின் பெயர் அது. ஆல்பம் முழுவதும் அந்த ஒரு மெஷினின் ஒலி மட்டும்தான். திருகியைத் திருப்பும் சத்தத்தில் தொடங்கும், தண்ணீர் நிரம்பும், டிரம் சுழலும், மேல்தகரத்தைக் கையால் தட்டுவார்கள், தேய்ப்பார்கள், கடைசியில் துவைத்து முடித்ததற்கான மணி அடிக்கும். 38 நிமிடம், ஒரே துண்டு. கச்சேரிகளுக்கு மெஷினையே மேடையில் ஏற்றினார்கள். இதை ‘சலவை இயந்திர மாதிரிகளைக் கொண்டு செய்த இசை’ என்று எழுதினால் கடையில் வரிசையாக நிற்கும் மாடல்கள்தான் கண்ணில் வரும். ஒரே ஒரு மெஷினை வைத்துச் செய்தது என்பதுதான் அந்த ஆல்பத்தின் விசேஷமே, அதை ஒரு சொல் அடித்துவிட்டது.

‘கூறு’ என்று ஒரு கட்சி உண்டு. புள்ளியியல் பாடத்தில் படித்த ‘கூறெடுப்பு’, கணக்குப் புத்தகத்துக் ‘கூறுவெளி’ எல்லாம் நல்ல சொற்கள்தான், அந்தந்த இடத்தில் இருக்கட்டும். இசைக்குக் கொண்டுவந்தால் ‘அறுவை சிகிச்சையில் கூறெடுத்து’ என்று ஆகும். உடற்கூறாய்வு பழகிய தமிழ்க் காதுக்கு அது பிணவறை வாசல். ‘மாதிரியாக்கம்’ என்பது கணிதத்தில் வேறு ஒரு வேலைக்குப் போய்விட்டது. வெறுமனே ‘சாம்பிள்’ என்றே எழுதிவிடலாமே என்பார்கள். நான் கடன்சொல்லுக்கு எதிரி இல்லை, மேலே ஆல்பம், டிரம், மெஷின் என்று எழுதிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஆனால் பேச்சுத்தமிழில் ‘சாம்பிள்’ வேறு பொருளில் குடியேறிவிட்டது. ஷாம்பு சாம்பிள், ‘இது சும்மா சாம்பிள்தான், மெயின் பிக்சர் இனிமேதான்’. பின்னால் பெரிதாக ஒன்று வரப்போகிறது என்ற வாக்குறுதி அதில் ஒட்டியிருக்கிறது. கருவியைச் ‘சாம்பிளர்’ என்று சொல்வதில் குழப்பமில்லை, அது இருக்கட்டும்.

சரி, நீ என்னதான் சொல்கிறாய் என்றால், செயலுக்கு ‘எடுத்தாளல்’, எடுத்த ஒலிக்குத் ‘துணுக்கு’ அல்லது ‘ஒலித்துணுக்கு’.

எடுத்தாளுதல் நான் உருவாக்கிய சொல் இல்லை. பிறர் சொன்னதை எடுத்துத் தன் எழுத்துக்குள் பயன்படுத்துவதை இலக்கியக்காரர்கள் காலகாலமாக அப்படித்தான் சொல்கிறார்கள். மணிமேகலை குறளை எடுத்தாண்டிருக்கிறது. எப்படி என்று பாருங்கள்: வள்ளுவர் ‘பெய்யெனப் பெய்யும் மழை’ என்று முடித்ததைச் சாத்தனார் ‘பெய்யெனப் பெய்யும் பெருமழை’ என்று ஒரு ‘பெரு’ சேர்த்துத் தன் ஓசைக்கு இழுத்துக்கொள்கிறார், கூடவே ‘பொய்யில் புலவன் பொருளுரை’ என்று எடுத்த இடத்தையும் சொல்லிவிடுகிறார். பிறர் இசைத்தட்டிலிருந்து நாலு அடி எடுத்து, வேகம் மாற்றி, தன் பாட்டில் பொருத்துகிறவர் செய்வதும் இதேதான். லத்தீன் வேரிலிருந்த ‘எடுத்தல்’ இங்கே இருக்கிறது, அதற்கு மேல் ‘ஆளுதல்’ இருக்கிறது, அதாவது கையாளுதல். எடுப்பது பாதி வேலைதான், ஆள்வதில்தான் இசை. ஆங்கிலச் சொல்லில் இல்லாத பாதி நம் சொல்லில் இருக்கிறது.

மேற்கோளுக்குரிய சொல் சலவை மெஷினுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். ஏன் பொருந்தாது? சொல்லை ஆள்வது சொல்லாட்சி என்றால் ஒலியை ஆள்வதில் என்ன தடை? மேட்மோஸே 2023இல் ‘ரிட்டர்ன் டு ஆர்கைவ்’ என்ற ஆல்பத்துக்கு ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் பழைய பதிவுகளில் இருந்த தவளை, பூச்சி மாதிரியான சத்தங்களை எடுத்துச் செய்தார்கள் (இந்த ‘மாதிரியான’ சரியான இடத்தில் வந்திருக்கிறது, கவனியுங்கள்). ஒன்று பொருளிலிருந்து எடுத்தாண்டது, இன்னொன்று பதிவிலிருந்து எடுத்தாண்டது. ஒரே வினை இரண்டுக்கும் நடக்கிறது. இலக்கணமும் வளைந்துகொடுக்கிறது: எடுத்தாண்டார்கள், எடுத்தாண்ட ஒலி, எடுத்தாள அனுமதி. ‘மாதிரியெடுத்தார்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் ஒருவர் கையுறையோடு வந்து நிற்பார்.

அனுமதி என்றதும் இன்னொன்று. நம்மிடம் சாம்பிளிங் என்றாலே ‘சுட்டுட்டாங்க’ என்று முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1991இல் நியூயார்க் நீதிபதி ஒருவர், ராப் பாடகர் பிஸ் மார்க்கி அனுமதியில்லாமல் பழைய பாட்டொன்றை எடுத்தாண்ட வழக்கின் தீர்ப்பை ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்ற கட்டளையோடுதான் தொடங்கினார், ஆகவே அவர்கள் பக்கம் ஆள் இல்லாமல் இல்லை. ஆனாலும் செயலின் பெயரிலேயே தீர்ப்பை எழுதிவைக்கக் கூடாது. எடுத்தாளல் அனுமதியோடும் நடக்கும், இல்லாமலும் நடக்கும், சொல் இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிறது.

‘துணுக்கு’ பற்றி ஒரு முணுமுணுப்பு வரும், பத்திரிகையில் பக்கத்தை நிரப்பப் போடும் ஜோக் ஞாபகம் வருகிறது என்று. வரட்டும். துண்டு, துணி, துணுக்கு மூன்றும் வெட்டுப்பட்டதைச் சொல்லும் ஒரே குடும்பம், சாம்பிள் என்பதும் பெரும்பாலும் வெட்டி எடுத்த சின்ன ஒலிதான். ‘ஒலித்துணுக்கு’ என்று முதலில் ஒருமுறை எழுதிவிட்டால் ஜோக் ஞாபகம் போய்விடும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள கோபம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. பாட்டு என்ற பொருளில் வரும் ‘டிராக்’கைத் ‘தடம்’ என்று எழுதுகிறார்கள், ‘ஏழாவது தடம் அற்புதம்’ என்று படித்தால் ரயில்வே ஸ்டேஷன் ஞாபகம் வருகிறது. இசை நிறுவனம் என்ற பொருளில் வரும் ‘லேபிளை’ப் ‘பெயர்ச்சீட்டு’ என்கிறார்கள். ஆல்பம் ‘விடுவிக்கப்பட்டது’ என்கிறார்கள், ஜாமீனில் வந்த மாதிரி. வெளியிட்டார்கள், வெளிவந்தது என்று தமிழில் இல்லையா? அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஒலி கேட்காமலே ஒலியைப் பற்றி மொழிபெயர்க்கிறார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

கேட்டிருந்தால் இன்னொரு தவறும் நடந்திருக்காது. அதே மொழிபெயர்ப்பில் மேட்மோஸின் 2008 ஆல்பமான ‘சுப்ரீம் பலூன்’ கூட ‘மாதிரிகளால்’ ஆனதாக எழுதியிருந்தது. அந்த ஆல்பத்துக்காக அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட விதி, மைக்ரோஃபோனைத் தொடக்கூடாது என்பது. எல்லாம் சிந்தசைஸர் என்ற மின்னணு இசைக்கருவியிலேயே பிறந்த ஒலி. அதில் மாதிரியும் இல்லை, எடுத்தாளலும் இல்லை.