சாய டிரம்மில் ஒரு சப்வூஃபர்

டேப் ரெக்கார்டர் காலத்தில் ஊர்ப்பக்கம் ஒரு வித்தை உண்டு. பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி மண்பானையின் வாயில் கவிழ்த்து வைப்பார்கள். அதுவரை கொசு மாதிரிப் பாடிக்கொண்டிருந்தது சட்டென்று 'தொம் தொம்' என்று உறுமும். பாட்டு எதுவானாலும் உறுமல் மட்டும் ஒரே சுருதியில் இருக்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. போன வருடம் அட்டை உருளையில் ஒரு சப்வூஃபர் (பேஸ் எனும் அடித்தொனிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) செய்யப் போய்த்தான் அந்தப் பானை எதைச் சாதித்தது, எங்கே கோட்டை விட்டது என்று எனக்குப் புரிந்தது.

ஸ்பீக்கரில் அசைந்து ஒலியெழுப்பும் கூம்புதான் கோன். அது முன்னே நகரும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே கணம் பின்பக்கக் காற்று தளர்கிறது. 40 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். அதற்கு ஒரு சாண் அகல ஸ்பீக்கரெல்லாம் ஒரு தடையா? முன்னால் நெருங்கிய காற்று விளிம்பைச் சுற்றி ஓடிப் பின்பக்கத் தளர்வை நிரப்பிவிடும், கணக்கு சரியாகிவிடும், காதுக்கு ஒன்றும் வராது. பானை ஒரு பக்கத்தை அடைத்தது. அதனால் உறுமல் வந்தது. ஆனால் பானைக்குள் இருந்த காற்று கொஞ்சம்தான். கொஞ்சக் காற்று என்பது விறைப்பான ஸ்பிரிங். கோன் அந்த ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஏதோ ஓர் அதிர்வெண்ணில் துள்ளும். நம் 'தொம் தொம்' அதுதான். ஆழமான பேஸ் அல்ல.

சரி, பெரிய மரப்பெட்டி செய்தால் போதாதா? செய்யலாம். எட்டு அங்குல ஸ்பீக்கரை 38 லிட்டர் மூடிய பெட்டியில் பொருத்தி, கோன் 5 மில்லிமீட்டர் உள்ளே போனால், பெட்டிக்குள் அழுத்தம் ஏறக்குறைய 400 பாஸ்கல் கூடுகிறது. 30க்கு 40 செ.மீ. பலகை ஒன்றின் மீது இது சுமார் ஐந்து கிலோ எடை. அந்த ஐந்து கிலோ வினாடிக்கு முப்பது நாற்பது முறை பலகையைத் தள்ளும், இழுக்கும். தட்டையான பலகை வளைந்து கொடுக்கும். வளைந்தால் பலகையும் பாட ஆரம்பித்துவிடும். அதனால்தான் நல்ல பெட்டிகள் தூக்க முடியாத கனம்.

உருளையின் கதை வேறு. உள்ளிருந்து வரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுவதால் சுவர் வளைவதில்லை, சுற்றுவட்டமாக இழுபடுகிறது. ஒரு காகிதத்தை விரலால் தள்ளினால் மடங்கும். இரு முனையையும் பிடித்து நேராக இழுத்துப் பாருங்கள், எவ்வளவு தாங்குகிறது! பசை போட்டுப் பல சுற்று சுற்றிய கிராஃப்ட் காகிதம் இழுவிசைக்கு இன்னும் கெட்டி. கேஸ் சிலிண்டர் உருண்டையாக இருப்பதும் இதே காரணத்தால்தான். அமெரிக்காவில் கான்கிரீட் தூண் வார்க்க 'சோனோட்யூப்' என்ற அட்டைக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். ஈரக் கான்கிரீட்டின் அழுத்தத்தையே தாங்குவது ஸ்பீக்கரைத் தாங்காதா என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அப்படிச் செய்யும் சப்வூஃபருக்கு அங்கே 'சோனோசப்' என்றே பெயர்.

நம் ஊரில் தூணுக்கு பெரும்பாலும் இரும்பு, பலகை அச்சுதான். எனக்குக் கிடைத்தது காயலான் கடையில், சாயப்பொடி வந்த அட்டை டிரம். உள்விட்டம் 30 செ.மீ., உயரம் 60 செ.மீ.; பொருத்துவதெல்லாம் போகக் காற்றுக்கு 38 லிட்டர் மிஞ்சியது. உள்ளே ஒட்டியிருந்த நீலப்பொடியைத் துடைத்து முடிப்பதற்குள் என் விரல்கள் இரண்டு நாளுக்கு நீலம்.

இனி இதற்கு மூச்சு விட ஒரு துளை வேண்டும். காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்கிறதே, அதைக் கணக்கில் பிடித்துக் காட்டியவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். கழுத்திலுள்ள காற்று ஒரு கல், வயிற்றிலுள்ள காற்று ஸ்பிரிங். டிரம்மில் செருகும் பிவிசி பைப்தான் நம் கழுத்து. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் தூராஸ் இந்த ஏற்பாட்டுக்கு 1932இல் காப்புரிமை வாங்கினார். ஆனாலும் பைப்பை எவ்வளவு நீளம் விடுவது என்பது ரொம்ப காலம் கைப்பழக்கமாகவே இருந்தது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவருக்குப் பின் ரிச்சர்ட் ஸ்மாலும் எழுதிய கட்டுரைகளால்தான் அது நம்பிச் செய்யக்கூடிய கணக்கானது.

பைப் செய்யும் வேலையைப் பார்க்க ஒரு நூலில் கல்லைக் கட்டிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கையை மெதுவாக ஆட்டினால் கல் கூடவே வரும். வேகமாக ஆட்டினால், கை வலப்பக்கம் போகும்போது கல் இடப்பக்கம் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தில் கை அசைகிறதா என்றே தெரியாது, கல் மட்டும் பெரிதாக வீசும். கோன்தான் கை, பைப்பிலுள்ள காற்றுதான் கல். மெதுவான அதிர்வில் கோன் உள்ளே வந்தால் பைப் காற்று வெளியே போகிறது, ஆக இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். அந்த நடு அதிர்வெண்ணைத் தாண்டிவிட்டால் முறை திரும்பிவிடும்: இரண்டும் சேர்ந்தே வெளியே தள்ளும். வீணாகப் போயிருக்க வேண்டிய பின்பக்க ஒலி வேலைக்கு வந்துவிடுகிறது.

நடு அதிர்வெண்ணாக 32 ஹெர்ட்ஸ் வைத்தேன். நான்கு அங்குல பைப் போட்டிருந்தால் நீளம் 57 செ.மீ. வரும், 60 செ.மீ. டிரம்மில் அதன் முனை அடிப்பலகையில் முட்டி மூச்சுத் திணறும். அதனால் 7 செ.மீ. உள்விட்டமுள்ள மூன்று அங்குல பைப். கணக்கு 29.5 செ.மீ. என்றது, அறுத்துப் பொருத்தினேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய எட்டு அங்குல ஸ்பீக்கரை 18 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வட்டத்தில் முடுக்கினேன். மூடி தட்டையாயிற்றே, அதற்கு மட்டும் கனமான பலகை வேண்டும். இடுக்கெல்லாம் சிலிகான். சின்னக் கசிவு கூட விசில் அடிக்கும்.

அப்புறம் டிரம்மை நிமிர்த்தி வைத்து, கோன் மேல் ஒரு சிட்டிகை கடுகு போட்டேன். போனில் ஒரு ஆப் மூலம் 60 ஹெர்ட்ஸில் தொடங்கிப் படிப்படியாக இறக்கினேன். கடுகு தாளிக்கிற மாதிரித் துள்ளியது. 40, 36, 34... 32இல் அடங்க வேண்டும், அடங்கவில்லை. கிட்டத்தட்ட 29இல்தான் கடுகு அப்படியே உட்கார்ந்தது. கோன் நின்றுவிட்டது, ஆனால் பைப் வாயில் பிடித்த ஊதுபத்திப் புகை பிய்த்துக்கொண்டு போனது.

தப்பு என்னுடையது. பைப்பின் இரு முனைக்கு வெளியேயும் கொஞ்சம் காற்று சேர்ந்து ஆடும். பைப் தன் நீளத்தைவிட நீளமானது போல நடந்துகொள்ளும். இந்த பைப்புக்கு அந்த உபரி சுமார் 5 செ.மீ. நான் அதைக் கழிக்க மறந்துவிட்டேன். நீளமாக அறுத்தது நல்லதாகப் போயிற்று; ஐந்து செ.மீ. வெட்டியெறிந்தேன். கடுகு 32இல் உட்கார்ந்தது.

இன்னும் கீழே, 22 ஹெர்ட்ஸுக்கு இறக்கியபோது கடுகு டிரம்மை விட்டே தெறித்தது. அங்கே கோனுக்குக் காற்றின் பிடிமானம் இல்லை. சத்தம் வராது, ஆட்டம் மட்டும் தாறுமாறாக இருக்கும், கோனை ஆட்டும் கம்பிச்சுருள் இடித்துக் கெட்டுப்போகும். ஆகவே ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் 28 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் ஒன்று போட்டிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டினால் மூன்று அங்குல பைப் லேசாகப் 'புஸ்' என்கிறது. அந்த அகலத்துக்கு அவ்வளவுதான். அட்டைக்கு ஈரம் ஆகாது என்பதால் வெளியே இரண்டு கோட் வார்னிஷ்.

பாட்டுப் போட்டுக்கொண்டே டிரம்மின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரிவதே இல்லை. அதிர்வதெல்லாம் சமையலறை அலமாரியில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் தட்டுகள்தான். இப்போது தட்டுக்குத் தட்டு நடுவே ஒரு துணி மடித்து வைத்திருக்கிறோம்.