கால் பேசும்போது குரல் ஏன் ரோபோ ஆகிறது?

“நெட் சரியில்லாதபோது எதிர்முனையில் பேசுபவரின் குரல் திடீரென்று ரோபோ மாதிரி ஆகிவிடுகிறதே, ஏன்? விட்டு விட்டுத்தானே கேட்க வேண்டும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வியின் இரண்டாம் பாதிதான் அருமை. மௌனம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒலிக்கிறது என்றால், அதை யாரோ உண்டாக்குகிறார்கள் என்று அர்த்தம். பேசுபவர் இல்லை, உங்கள் கையிலிருக்கும் போன்தான் உண்டாக்குகிறது.

அந்த வேலையைச் செய்யும் ஓப்பன் சோர்ஸ் கோடெக்கின் பெயர் ஓபஸ். கோடெக் என்றால் ஒலியை அனுப்பும் முன் சுருக்கி, வந்த பின் விரிக்கும் நிரல். வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ், டிஸ்கார்டு அரட்டை, யூடியூப் தரும் ஒலித்தடங்களில் பல, பிரவுசரிலேயே நடக்கும் வீடியோ கால் எல்லாம் இதன் தலையில்தான் ஓடுகின்றன. ஸ்கைப் நிறுவனம் பேச்சுக்காக எழுதிய சில்க், ஸிஃப் அறக்கட்டளை இசைக்காக எழுதிய செல்ட் என்ற இரண்டையும் ஒன்றாக்கி, 2012 செப்டம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு ஆர்எஃப்சி 6716 என்ற தர ஆவணமாக வெளியிட்டது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். குரலை விநாடிக்கு 48,000 முறை, தடவைக்கு 16 பிட் என்று அளந்தால் விநாடிக்கு 7,68,000 பிட். ஓபஸ் இதை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி ஒவ்வொன்றையும் சுருக்குகிறது. விநாடிக்கு 24 கிலோபிட் என்று வைத்தால் ஒரு துண்டு வெறும் 60 பைட். அதன் மேல் ஒட்டும் முகவரிச் சீட்டு மட்டும் 40 பைட்: இணையத்தின் அனுப்பு விதிமுறைகளான ஐபிக்கு 20, யுடிபிக்கு 8, ஆர்டிபிக்கு 12. சீட்டு ஒட்டிய துண்டுதான் பாக்கெட். விநாடிக்கு 50 பாக்கெட் என்பதால் சீட்டுச் செலவே 16 கிலோபிட். துண்டை 60 மில்லிசெகண்டாக்கினால் இந்தச் செலவு மூன்றில் ஒன்றாகும். ஆனால் ஒரு பாக்கெட் தொலைந்தால் அரை அசை போய்விடும். இசைக் கலைஞர்கள் ஆளுக்கோர் ஊரில் இருந்தபடி சேர்ந்து வாசிக்க 2.5 மில்லிசெகண்ட் துண்டும் உண்டு. தாமதம் வெகுவாகக் குறையும். சீட்டுச் செலவோ 128 கிலோபிட்டுக்கு எகிறும். பேச்சுக்கு 20 என்பது இந்த இழுபறியில் கிடைத்த சமரசம்.

60 பைட்டில் குரல் எப்படி அடங்குகிறது? சில்க் ஒலியின் வடிவத்தை அனுப்புவதில்லை, தொண்டையின் செய்முறையை அனுப்புகிறது. குரல்நாண் எவ்வளவு இடைவெளியில் அதிர்கிறது, வாயும் நாக்கும் சேர்ந்து அந்த அதிர்வை எப்படி வடிகட்டுகின்றன, இவற்றால் ஊகிக்க முடியாத மிச்சம் என்ன என்ற மூன்றும் போதும். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் வேலைக்கு வரும்.

பாக்கெட் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்க நேரமில்லை. ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்கு 150 மில்லிசெகண்டுக்குள் போனால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் பரிந்துரை. அதற்கு மேல் போனால் இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, “சொல்லுங்க, சொல்லுங்க” என்று நிற்பார்கள். எனவே போனது போனதுதான். ஆனால் ஸ்பீக்கர் சும்மா இருக்காது. 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கை நீட்டிக்கொண்டே இருக்கும். கொடுக்க ஒன்றும் இல்லாதபோது டிகோடர், அதாவது ஓபஸில் துண்டை ஒலியாக விரிக்கும் பகுதி, என்ன செய்கிறது பாருங்கள்.

கடைசியாக வந்த துண்டிலிருந்து குரல்நாணின் அதிர்வு இடைவெளி அதற்குத் தெரியும். 120 ஹெர்ட்ஸ் குரல் என்றால் ஓர் அலைக்குச் சுமார் 8.3 மில்லிசெகண்ட். ஆக 20 மில்லிசெகண்ட் ஓட்டை என்பது இரண்டரை அலைக்கும் குறைவு. டிகோடர் கடைசி அலையை நகலெடுத்து, கடைசியாகத் தெரிந்த வாய் வடிவத்தின் வழியே மறுபடி செலுத்துகிறது. ‘ச’, ‘ஸ’ போன்ற காற்றொலி நடுவே தொலைந்திருந்தால் அலைக்குப் பதில் இரைச்சலைச் செலுத்துகிறது. அந்த நேரத்துக்கு மட்டும், பேசுபவருக்கு ஒரு பொம்மைத் தொண்டை.

நகல் அப்படியே திரும்பத் திரும்ப வந்தால் காது கண்டுபிடித்துவிடும். மனிதக் குரலில் அடுத்தடுத்த இரண்டு அலைகள் அச்சாக ஒன்றாக இருப்பதே இல்லை. நீளமும் உயரமும் துளித்துளி தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் காணாமல் போவதைத்தான் நாம் ரோபோ என்கிறோம். இதற்காகவே சில்க்கின் நிரலில் ஓர் அழகான வரி இருக்கிறது: ஓட்டையை நிரப்பும்போது ஒவ்வொரு 5 மில்லிசெகண்டுக்கும் அலையின் நீளத்தை 1 சதவீதம் கூட்டு. சுருதி மெல்ல இறங்கும். கூடவே ஒலியும் படிப்படியாகத் தேயும். உண்மையான துண்டு வந்து சேர்ந்ததும் அது தேய்ந்த ஒலியின் மேல் சடாரென்று மோதாதபடி, அதன் தொடக்கத்தை அடக்கி ஒட்டும் வேலையும் நடக்கும். ஒரு துண்டு தொலைந்தால் பெரும்பாலும் நமக்குத் தெரிவதே இல்லை. ஐந்தாறு துண்டு சேர்ந்து போனால் இந்தத் தந்திரம் அம்பலமாகிறது. வாசகர் கேட்ட ரோபோ அதுதான்.

எங்கே தொலைகிறது என்பதும் முக்கியம். ‘பட்டு’ என்று சொல்லும்போது ‘ட்’டில் நாக்கு வாயை அடைத்துக்கொள்ளும், மைக்கில் கிட்டத்தட்ட மௌனம். அங்கே ஒரு துண்டு போனால் நஷ்டமில்லை. அடைப்பு திறந்து வெடிக்கிற நொடித்துணுக்கு போனால் சொல்லே குழம்பும். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான் என்றாலும் அர்த்தம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. உயிரை நீட்டி ஓட்டையை அடைக்கலாம். வராத வெடிப்பை டிகோடரால் ஊகிக்க முடியாது.

அதனால் இரண்டாவது ஏற்பாடு: ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய துண்டின் மட்டமான நகல் ஒன்றையும் சேர்த்து அனுப்புவது. 7-ஆம் பாக்கெட் தொலைந்தாலும் 8-க்குள் அதன் நகல் இருக்கும். இதை இயக்குவதில்தான் புதிதாகச் செயலி எழுதுபவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். திருப்ப வேண்டிய சாவிகள் மூன்று: அனுப்பும் பக்கம் நகல் வசதியை இயக்குவது, அதே பக்கம் எதிர்பார்க்கும் இழப்புச் சதவீதத்தைச் சொல்வது, பெறும் பக்கம் ‘அடுத்த பாக்கெட்டிலிருந்து நகலை எடு’ என்று டிகோடரிடம் கேட்பது. முதல் சாவியை மட்டும் திருப்பி, சதவீதத்தை 0 என்று விட்டால் நகல் உருவாகவே உருவாகாது, பிழைச்செய்தியும் வராது. மூன்றாவதை மறந்தால் நகல் வரும், யாரும் பிரிக்காமலே குப்பைக்குப் போகும். நகல் வசதி சில்க் ஓடும்போது மட்டும்தான். இசை முறைக்கு மாறி செல்ட் மட்டும் ஓடினால் கிடையாது. நகலுக்கான பிட்டுகள் அதே 24 கிலோபிட்டிலிருந்துதான் கழியும் என்பதால், இழப்பே இல்லாத லைனில் 30 சதவீதம் என்று போட்டு வைத்தால் நல்ல குரலைச் சும்மா கெடுத்ததாகும்.

இதோடு ஒரு மூடநம்பிக்கையையும் ஒழித்துவிடலாம். ‘குரல் வெட்டுகிறதா, பிட்ரேட்டைக் கூட்டு’ என்பார்கள், அதாவது விநாடிக்கு அனுப்பும் பிட் அளவை. நெரிசலான லைனில் பெரிய பாக்கெட்டுகளைத் திணித்தால் இழப்புதான் கூடும். வீடியோவை அணைத்தால் குரல் தேறுவதற்கும் இதே காரணம்தான்.

ஓபஸ் இத்தனை இடங்களில் நுழைந்ததற்குத் தரம் மட்டும் காரணமில்லை. காப்புரிமைக் கட்டணம் இல்லை என்பதோடு, முழு நிரலும் அந்த ஆர்எஃப்சி ஆவணத்தின் பின்னிணைப்பிலேயே எழுத்துகளாக அச்சாகியிருக்கிறது. ஒரு வரிக் கட்டளையால் பிரித்தெடுத்து, கம்பைல் செய்து ஓடும் மென்பொருளாக்கலாம். ஆவணத்தின் ஆங்கில விளக்கமும் நிரலும் முரண்பட்டால் நிரல் சொல்வதே சரி என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அதிலும் டிகோடர் மட்டுமே கட்டாயம். சுருக்கும் பகுதியான என்கோடரை எவரும் எப்படியும் மேம்படுத்தலாம். இதன் மேல் எத்தனையோ நிறுவனங்களின் வியாபாரம் ஓடுகிறது. நிரலைப் பேணுவதோ ஒரு சிறு குழு. லாபம் பார்ப்பவர்கள் அதற்குச் சம்பளம் கொடுப்பதைத் தர்மக் கணக்கில் எழுதாமல், சர்வர் வாடகை மாதிரி செலவுக் கணக்கில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

வைஃபையில் பாக்கெட்டுகள் ஒன்றொன்றாகத் தொலைவதில்லை, கொத்தாகப் போகும். அங்கே முந்தைய ஒரு துண்டின் நகல் உதவாது. 2024 மார்ச்சில் வந்த ஓபஸ் 1.5, ஒவ்வொரு பாக்கெட்டிலும் கடந்த 1 விநாடி வரையிலான பேச்சின் சாரத்தை ஏற்றி அனுப்பக் கற்றுக்கொண்டது. ஒலி அலை கிடையாது. 10 மில்லிசெகண்டுக்கு 20 எண்கள், அவற்றையும் நரம்பியல் வலைப்பின்னல் என்ற ஏஐ நிரல் கசக்கிச் சிறிதாக்குகிறது. சற்றுமுன் பேசியது தெளிவாகவும், பின்னோக்கிப் போகப் போக மங்கலாகவும் பதிவாகும். பெறும் முனையில் இன்னொரு வலைப்பின்னல் அந்த எண்களிலிருந்து குரலை மறுபடி பேசவைக்கும். இந்தச் சரக்கை ஓபஸ் பாக்கெட்டின் நிரப்புப் பகுதியில் வைக்கிறார்கள். வெற்றிடம் என்று கருதி ஒதுக்கப்பட்ட இடம் அது. 2012-இல் எழுதிய டிகோடர் அதைக் கண்டால் வழக்கம்போலத் தாண்டிக்கொண்டு, மிச்சத்தை ஒழுங்காகப் பேசும்.